ஒரு துணைவினையும் இரு முடிவுகளும்: நூற்றாண்டுத் திருப்பத்தில் பிரிட்டனின் அரசியல் மொழி

1. தோற்றுவாய்

மொழியியல் பயின்றவர்களுக்குப் பிறிதொரு நாட்டின் அரசியலைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று வினவப்படலாம். வினா முறையானதே. எந்தக் கட்சி நல்லது, எந்தத் தலைவர் பிழை செய்தார் என்று தீர்ப்புரைப்பது நம் துறையின் பணியன்று. ஆயினும், சட்டம், உடன்படிக்கை, விசாரணை அறிக்கை, நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும் ஆவணம் ஆகிய யாவும் சொற்றொடர்களால் ஆனவை. அத்தொடர்கள் எவ்வாறு அமைந்துள்ளன, அவற்றுள் ஒரு சொல் மாறினால் பொருள் எவ்வளவு மாறுகிறது என்று ஆராய்வது மொழியியலாரின் பணியே ஆகும்.

இவ்வாராய்ச்சிக்கு 1994 முதல் 2004 வரையிலான பிரிட்டனை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பொதுவாக ஓர் அரசு வெளியிடும் ஆவணத்தின் இறுதி வடிவம் மட்டுமே மக்கள் கண்ணில் படும். அது எவ்வாறு எழுதப்பட்டது, எந்தச் சொல் அடிக்கப்பட்டு எந்தச் சொல் சேர்க்கப்பட்டது என்பதெல்லாம் பல்லாண்டுகள் பூட்டிய அறையில் கிடக்கும். ஆனால் இக்காலப்பகுதியைச் சேர்ந்த ஒரு முக்கிய ஆவணத்தின் வரைவுகளும், அலுவலர்களிடையே சென்று வந்த குறிப்புகளும், ஒரு விசாரணையின் பொருட்டு உடனுக்குடன் வெளியிடப்பட்டன. ஒரு தொடர் சில நாள்களுக்குள் எவ்வாறு உருமாறியது என்பதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு அதனால் நமக்குக் கிட்டியது.

இவ்வுரையில் மூன்று ஆவணங்களை எடுத்துக்கொள்கிறோம். 1998ஆம் ஆண்டின் பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கை, 1999ஆம் ஆண்டின் மக்பர்சன் அறிக்கை, 2002ஆம் ஆண்டில் ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றி வெளிவந்த ஆவணத் தொகுப்பு ஆகியவை அவை. முதலாவதிலும் மூன்றாவதிலும் ஆங்கிலத்தின் 'மே' என்னும் துணைவினை வருகிறது. தமிழில் அதனைக் 'கூடும்' எனலாம். ஓர் ஆவணத்தில் அச்சொல் காக்கப்பட்டது. மற்றோர் ஆவணத்தில் அது நீக்கப்பட்டது. இவ்விரண்டின் விளைவுகளும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

2. புதிய சொற்களுடன் வந்த ஆட்சி

முதலில் பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். 1979 முதல் தொடர்ந்து 18 ஆண்டுகள் பிரிட்டனைப் பழைமைவாதக் கட்சி ஆண்டது. 1997 மே 1ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில், டோனி பிளேர் தலைமையிலான தொழிற்கட்சி 659 இடங்களுள் 418 இடங்களை வென்று ஆட்சிக்கு வந்தது. அந்த வெற்றிக்கு முன்பே கட்சிக்குள் ஒரு சொற்போராட்டம் நடந்து முடிந்திருந்தது.

1918ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கட்சி விதிகளின் நான்காம் பிரிவு, உற்பத்திக் கருவிகளைப் பொதுவுடைமையாக்குவதைக் குறிக்கோளாக அறிவித்தது. உறுப்பினர் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருந்த அந்த வாசகத்தை மாற்றவேண்டும் என்று பிளேர் வாதிட்டார். 1995 ஏப்ரல் மாதம் லண்டனில் கூடிய சிறப்பு மாநாடு புதிய வாசகத்தை ஏற்றது. இதில் மொழியியலாரின் கவனத்தை ஈர்க்கும் ஒரு செய்தி உண்டு. பழைய பிரிவில் 'சமதர்மம்' என்னும் சொல் இல்லை. ஆனால் அதன் பொருள் இருந்தது. புதிய பிரிவு கட்சியைச் 'சனநாயகச் சமதர்மக் கட்சி' என்று வெளிப்படையாகப் பெயரிட்டழைத்தது. ஆனால் பழைய பொருளைக் கைவிட்டது. சொல் வந்தது, பொருள் சென்றது. ஒரு சொல் இருப்பதனாலேயே அதன் பொருளும் இருக்கும் என்று கொள்ளுதல் கூடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

பிளேரின் மேடைப்பேச்சில் வினைமுற்று இல்லாத தொடர்கள் மிகுதி என்பதை அக்காலத்திலேயே பலர் கவனித்தனர். ஆட்சியின் முதன்மைப் பணிகள் எவையென்று 1996ஆம் ஆண்டின் மாநாட்டில் அவர் 'கல்வி' என்னும் ஒரே சொல்லை மும்முறை அடுக்கிச் சொன்னது பலரும் அறிந்ததே. வினைமுற்று இருந்தால் காலம் இருக்கும், செய்பவர் இருப்பார், 'செய்தீர்களா' என்று பின்னர் கேட்க இடம் இருக்கும். வினைமுற்று இல்லாத தொடரிலோ விருப்பம் மட்டுமே இருக்கும். மொழியியலாளர் நார்மன் ஃபேர்கிளவ் இக்கட்சியின் மொழியை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு தனி நூலே வெளியிட்டார். உலகமயமாதல் என்பது செய்பவர் எவருமின்றித் தானே நிகழும் ஒன்றுபோல அவ்வாட்சியினரின் பேச்சில் வருணிக்கப்படுவதை அவர் சுட்டிக்காட்டினார்.

எனவே இவ்வாட்சி சொற்களின் ஆற்றலை நன்கு அறிந்த ஆட்சி என்பதில் ஐயமில்லை. அந்த அறிவு நன்மைக்கும் பயன்பட்டது, தீமைக்கும் பயன்பட்டது. நன்மையிலிருந்து தொடங்குவோம்.

3. காக்கப்பட்ட 'கூடும்': பெல்ஃபாஸ்ட், 1998

வட அயர்லாந்தில் 1960களின் இறுதியில் தொடங்கிய வன்முறை முப்பதாண்டுகள் நீடித்தது. அன்று ஏறத்தாழ 1.7 மில்லியன் மக்களே வாழ்ந்த சிறு நிலப்பகுதியை மையமாகக் கொண்ட அம்மோதலில் 3,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் ஒன்றியவாதிகள் ஒருபுறம். அயர்லாந்தோடு ஒன்றுபட விரும்பும் தேசியவாதிகள் மறுபுறம். இரு தரப்பினருக்கும் இடையில் பொதுவான பெயர்ச்சொல்கூட இல்லை. ஒரே நகரத்தை ஒரு சாரார் 'டெரி' என்பர். மற்றொரு சாரார் 'லண்டன்டெரி' என்பர். ஒரு சாராருக்கு 'வட அயர்லாந்து'. மற்றொரு சாராருக்கு வெறும் 'வடக்கு'. எந்தச் சொல்லை ஒருவர் பயன்படுத்துகிறார் என்பதைக் கொண்டே அவர் எத்தரப்பினர் என்று உய்த்துணர்ந்துவிடலாம்.

1998 ஏப்ரல் 10ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, உடன்படிக்கை எட்டப்பட்டது. அமெரிக்காவின் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கினார். உடன்படிக்கைக்கும் இரண்டு பெயர்கள் ஏற்பட்டன. ஒன்றியவாதிகள் பெரும்பாலும் 'பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கை' என்றனர். தேசியவாதிகள் 'பெரிய வெள்ளி உடன்படிக்கை' என்றனர்.

பேச்சுவார்த்தையில் மிகக் கடினமான சிக்கல் ஆயுதக் களைவு. ஐ.ஆர்.ஏ. எனப்படும் அயர்லாந்துக் குடியரசுப் படை ஆயுதங்களைக் கைவிடவேண்டும் என்பது ஒன்றியவாதிகளின் உறுதியான கோரிக்கை. பேச்சுவார்த்தையில் அமர்ந்திருந்ததோ அப்படையன்று. அதனோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட ஷின் ஃபெய்ன் கட்சி. 'உங்கள் படை ஆயுதங்களைக் கைவிடவேண்டும்' என்று எழுதினால், 'அது எங்கள் படையன்று' என்று அக்கட்சி எழுந்து சென்றுவிடும். எழுதாவிட்டால் ஒன்றியவாதிகள் எழுந்து சென்றுவிடுவர்.

இதற்குத் தீர்வாக வந்த தொடரின் சாரம் வருமாறு: பொதுவாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்ததற்குப் பின் ஈராண்டுக்குள் ஆயுதக் களைவு நிறைவேறும் பொருட்டு, கலந்துகொண்ட எல்லாக் கட்சிகளும் தங்களுக்கு இருக்கக்கூடிய செல்வாக்கு எதுவாயினும் அதனைப் பயன்படுத்தும். இங்கே 'இருக்கக்கூடிய' என்னும் பெயரெச்சத்தை நோக்குக. ஆங்கில மூலத்தில் இவ்விடத்தில்தான் 'மே' நிற்கிறது. 'இருக்கும் செல்வாக்கு' என்றிருந்தால் ஷின் ஃபெய்னுக்கு அப்படையின்மீது செல்வாக்கு உண்டு என்பது முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடும். 'இருக்கக்கூடிய' என்றதனால் அது இருக்கிறதா இல்லையா என்ற வினா திறந்தே விடப்பட்டது. ஒன்றியவாதிகள் அத்தொடரில் ஒரு கடமையைப் படித்தனர். ஷின் ஃபெய்னினர் ஒரு முயற்சியைப் படித்தனர். இருவரும் ஒப்பினர்.

இதனை அரசியலறிஞர்கள் 'ஆக்கமான இருபொருண்மை' என்பர். இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். அந்த இருபொருண்மை எவரையும் ஏமாற்றவில்லை. அல்ஸ்டர் ஒன்றியக் கட்சியின் தலைவர் டேவிட் டிரிம்பிள் அத்தொடரின் நெகிழ்ச்சியை நன்கு அறிந்திருந்தார். அறிந்திருந்ததனாலேயே உடன்படிக்கை முடிவாகும் நாளிலேயே பிரதமர் பிளேரிடமிருந்து ஆயுதக் களைவு பற்றி உறுதியளிக்கும் தனிக்கடிதம் ஒன்றைப் பெற்றார். தொடர் திறந்திருக்கிறது என்பதை மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த அனைவரும் அறிந்திருந்தனர்.

எழுத்தளவிலும் இத்தகைய நுட்பம் ஒன்று உண்டு. புதிய ஆட்சியில் ஒரு முதலமைச்சரும் ஒரு துணை முதலமைச்சரும் இருப்பர். ஆனால் இருவர் அதிகாரமும் சமம். இச்சமத்துவத்தைக் காட்டும் வகையில், துணை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதாமல் சிறிய எழுத்தாகவே எழுதும் மரபு நிலைபெற்றது. துணை என்பது பதவிப் பெயரின் தரத்தைக் குறைக்கும் அடைமொழியன்று என்பது குறிப்பு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாத தமிழில் இந்நுட்பத்தை மொழிபெயர்க்கவே இயலாது.

1998 மே 22ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 விழுக்காட்டினரும், அயர்லாந்துக் குடியரசில் 94 விழுக்காட்டினரும் உடன்படிக்கையை ஏற்றனர். திறந்த தொடருக்கு விலை இல்லாமற்போகவில்லை. ஈராண்டில் ஆயுதக் களைவு நிறைவேறவில்லை. அத்தொடரின் பொருள் குறித்த பூசலால் புதிய ஆட்சி 2000ஆம் ஆண்டில் சில மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டது. அவநம்பிக்கை தொடர்ந்தது, 2002 அக்டோபர் முதல் 2007 மே வரை அது மீண்டும் முடங்கியது. உடன்படிக்கையை எதிர்த்த பிளவுக்குழு ஒன்று 1998 ஆகஸ்டில் ஓமா நகரில் வைத்த குண்டுக்கு 29 பேர் பலியாயினர். ஆயினும் பெரும்போர் மீண்டும் மூளவில்லை. 2005 செப்டம்பரில், ஐ.ஆர்.ஏ. தன் ஆயுதங்களைக் கைவிட்டுவிட்டது என்று சுயேச்சை ஆணையம் உறுதிப்படுத்தியது. தொடர் சொன்ன ஈராண்டு ஏழாண்டாயிற்று. எனினும் அது நிறைவேறிற்று.

4. வரையறுக்கப்பட்ட ஒரு சொல்: மக்பர்சன் அறிக்கை, 1999

நெகிழ்ச்சி எப்போதும் நன்மை தரும் என்று கொள்ளலாகாது. சில இடங்களில் சொல்லை இறுக்கி வரையறுப்பதே நீதியாகும்.

1993 ஏப்ரல் 22ஆம் நாள் இரவு, தென்கிழக்கு லண்டனின் எல்த்தம் பகுதியில் பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் 18 வயதுக் கறுப்பின மாணவர், வெள்ளையின இளைஞர் கும்பல் ஒன்றால் குத்திக் கொல்லப்பட்டார். காவல்துறையின் புலனாய்வு தோல்வியுற்றது. அவருடைய பெற்றோர் பல்லாண்டுகள் போராடினர். 1997இல் ஆட்சிக்கு வந்த புதிய அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சர் வில்லியம் மக்பர்சன் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. அதன் அறிக்கை 1999 பிப்ரவரி 24ஆம் நாள் 70 பரிந்துரைகளுடன் வெளிவந்தது. அறிக்கையின் மையச்சொல் 'நிறுவனமய இனவாதம்'.

இச்சொல் புதியதன்று. அமெரிக்காவில் ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்ல்ஸ் ஹாமில்டனும் 1967ஆம் ஆண்டு நூலொன்றில் இதனைக் கையாண்டனர். பிரிட்டனிலும் 1981இல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் கலவரம் நடந்தபோது, அதனை விசாரித்த ஸ்கார்மன் பிரபு இச்சொல்லை எடுத்து ஆராய்ந்தார். அறிந்தே, கொள்கையாகவே, கறுப்பின மக்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டுவது என்பது அதன் பொருளாயின் அக்குற்றச்சாட்டை ஏற்கவியலாது என்று அவர் முடிவு செய்தார்.

மக்பர்சன் அதே சொல்லுக்கு வேறு வரையறை தந்தார். நிறம், பண்பாடு, இனத்தோற்றம் ஆகியவை காரணமாக மக்களுக்குத் தகுந்த சேவையை வழங்குவதில் ஒரு நிறுவனம் கூட்டாகத் தவறுவதே நிறுவனமய இனவாதம் என்றார். அது நடைமுறைகளிலும் மனப்பாங்குகளிலும் நடத்தையிலும் வெளிப்படும். தன்னையறியாத முற்சாய்வு, அறியாமை, கவனமின்மை, இனம் பற்றிய வார்ப்புக் கருத்துகள் ஆகியவற்றால் நிகழும் என்றார். இவ்வரையறையின்படி லண்டன் மாநகரக் காவல்துறை குற்றத்திற்குரியதே என்பது அவர் முடிவு.

இலக்கண நோக்கில் இங்கே நிகழ்ந்தது என்ன? ஸ்கார்மனின் வரையறையில் எழுவாய் ஒரு மனம். அது அறிந்து செய்யவேண்டும். மக்பர்சனின் வரையறையில் எழுவாய் ஒரு நிறுவனம். அறியாமற் செய்தாலும் செயல் செயலே. சொல் மாறவில்லை, 18 ஆண்டு இடைவெளியில் எழுவாயும் அடைமொழியும் மாறின. தீர்ப்பும் மாறிற்று.

அந்த மாற்றம் ஏட்டோடு நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டின் இன உறவுகள் திருத்தச் சட்டம், அதுவரை விலக்குப் பெற்றிருந்த காவல்துறையின் பணிகளையும் பாகுபாட்டுத் தடையின் கீழ்க் கொண்டுவந்தது. பொது அமைப்புகள் இனச் சமத்துவத்தை வளர்க்கவேண்டும் என்பதையும் கடமையாக்கியது. ஒரே குற்றத்திற்கு ஒருவரை இருமுறை விசாரிக்கலாகாது என்னும் பழைய விதியை மறுஆய்வு செய்யவேண்டும் என்பதும் மக்பர்சன் பரிந்துரைகளுள் ஒன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் கடுங்குற்றங்களில் புதிய சான்று கிடைத்தால் அவ்விதியைத் தளர்த்தியது. அதன் பயனாக, முன்னர் விடுவிக்கப்பட்டிருந்த ஒருவரும் மற்றொருவரும் லாரன்ஸ் கொலைக்காக 2012 சனவரியில் தண்டிக்கப்பட்டனர். கொலை நடந்து 18 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

வரையறை எல்லோரையும் நிறைவுசெய்யவில்லை. காவலர் பலர் தம்மில் ஒவ்வொருவரும் இனவாதி என்று அழைக்கப்பட்டதாகக் கருதி மனம் புண்பட்டனர். அறிக்கை அவ்வாறு சொல்லவில்லை. 2023இல் லூயிஸ் கேசி அம்மையார் அதே காவல்துறையை ஆராய்ந்து மீண்டும் அதே சொல்லைப் பயன்படுத்தியபோது, காவல்துறைத் தலைவர் குறைகளை ஒப்புக்கொண்டார். ஆனால் அச்சொல் தெளிவற்றது என்று கூறி அதனைத் தாம் கையாள மறுத்தார். கால் நூற்றாண்டுக்குப் பின்னும் பூசல் தீரவில்லை. ஆனால் அது வெளிப்படையான பூசல். வரையறை அச்சிடப்பட்டுள்ளது, எவரும் அதனைப் படித்து மறுக்கலாம்.

5. நீக்கப்பட்ட 'கூடும்': ஆவணத் தொகுப்பு, 2002

இனி மூன்றாம் ஆவணத்துக்கு வருவோம். 2002 செப்டம்பர் 24ஆம் நாள், சிறப்பாகக் கூட்டப்பட்ட நாடாளுமன்றத்தின் முன் பிரிட்டிஷ் அரசு ஓர் ஆவணத் தொகுப்பை வைத்தது. ஈராக்கிடம் உள்ள பேரழிவு ஆயுதங்களைப் பற்றி உளவுத்துறை அறிந்தவற்றை மக்களுக்கு எடுத்துரைப்பது அதன் நோக்கம். பிரதமரே முன்னுரை எழுதினார். ஆணை பிறந்த 45 நிமிடங்களுக்குள் சில ஆயுதங்களைப் பயன்படுத்த ஈராக்கால் இயலும் என்னும் செய்தி, முன்னுரை உட்பட அத்தொகுப்பில் நான்கு இடங்களில் வந்தது.

செப்டம்பர் நடுப்பகுதியில் உருவான வரைவில், நூலின் உட்பகுதியில், ஈராக்கியப் படையால் அவ்வாறு செய்ய 'இயலக்கூடும்' என்றே இருந்தது. பிரதமரின் தகவல்தொடர்புத் தலைவர் அலஸ்டர் கேம்பெல், கூட்டு உளவுத்துறைக் குழுவின் தலைவர் ஜான் ஸ்கார்லெட்டுக்குச் செப்டம்பர் 17ஆம் நாள் அனுப்பிய குறிப்பில், உட்பகுதியில் உள்ள அந்தக் 'கூடும்' சுருக்கவுரையில் உள்ள வாசகத்தைவிட வலுக்குறைந்ததாக இருக்கிறது என்று சுட்டிக்காட்டினார். அம்மொழி இறுக்கப்பட்டுவிட்டது என்று மறுநாள் விடை வந்தது. வெளியான தொகுப்பில் 'இயலக்கூடும்' இல்லை, 'இயலும்' இருந்தது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். கிடைத்த உளவுத் தகவலுக்கு ஏற்பவே அம்மாற்றம் செய்யப்பட்டது என்று ஸ்கார்லெட் பின்னர்ச் சாட்சியமளித்தார். எனவே ஒரு தனிமனிதர் பொய்யுரைத்தார் என்று நாம் கூறவில்லை. உட்பகுதியும் சுருக்கவுரையும் முரண்பட்டபோது இரண்டு வழிகள் இருந்தன: சுருக்கவுரையில் 'கூடும்' சேர்ப்பது ஒன்று; உட்பகுதியில் 'கூடும்' நீக்குவது மற்றொன்று. இரண்டாவது வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது.

துணைவினையோடு வேறொன்றும் காணாமற்போயிற்று. 45 நிமிடம் என்ற தகவல் போர்க்களத்தில் பயன்படும் குறுந்தொலைவு ஆயுதங்களைக் குறித்தது. நெடுந்தொலைவு ஏவுகணைகளைக் குறித்ததன்று. தொகுப்பு இதனைச் சொல்லவில்லை. சைப்ரஸ் தீவிலுள்ள பிரிட்டிஷ் தளங்களையே 45 நிமிடத்தில் தாக்கலாம் என்ற அச்சத்தை மறுநாள் நாளிதழ்கள் பரப்பின. தகவல் யாரிடமிருந்து யார்வழியாக வந்தது என்பதும் சொல்லப்படவில்லை. அது பல வாய் கடந்து வந்த செய்தி. அச்செய்தி வந்த வழியின் நம்பகத்தன்மையே பின்னர் ஐயத்துக்குள்ளாயிற்று.

2003 மார்ச் 18ஆம் நாள் நாடாளுமன்றம் 412க்கு 149 என்ற வாக்குகளில் போருக்கு ஒப்புதல் அளித்தது. இரண்டு நாளில் போர் தொடங்கியது. தொகுப்பு உரைத்த ஆயுதக் குவியல்கள் கண்டுபிடிக்கப்படவில்லை. பிரிட்டிஷ் படையினர் 179 பேர் ஈராக்கில் இறந்தனர். ஈராக்கியர் இறந்த எண்ணிக்கை அதனினும் பன்மடங்கு. இத்தனைக்கும் ஒரு துணைவினைதான் காரணம் என்று கூறுவது மிகையாகும். போருக்கு வேறு பல காரணங்கள் இருந்தன. ஆனால் ஐயத்தைக் காட்டும் சொற்கள் நீங்கிய ஓர் ஆவணம், அம்முடிவை நோக்கிய பாதையில் மக்கள் மன்றத்தின்முன் வைக்கப்பட்டது என்பது உண்மை.

பின்னர் நடந்த விசாரணைகள் மொழியைப் பற்றியே பெரிதும் பேசின. தொகுப்பு 'கவர்ச்சியூட்டப்பட்டது' என்று பி.பி.சி. வானொலியில் வந்த செய்தியையும், அதற்குத் தகவல் தந்தவராகக் கருதப்பட்ட ஆயுத வல்லுநர் டேவிட் கெல்லியின் மரணத்தையும் ஹட்டன் பிரபு விசாரித்தார். 2004 சனவரியில் வந்த அவரது அறிக்கை, அச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்றது. பொய்யென அறிந்த செய்தியைச் சேர்த்தல் ஒரு பொருள். உண்மைக்குள் நின்றே கூடியவரை வலுவாக எழுதுதல் மற்றொரு பொருள். முதற்பொருளில் குற்றச்சாட்டு ஆதாரமற்றது, இரண்டாம் பொருளில் அது பொருந்தும் எனலாம் என்று அவர் பிரித்துரைத்தார். வலுவான தொகுப்பை விரும்பிய பிரதமரின் எண்ணம் உளவுத்துறையினரின் அடிமனத்தில் செல்வாக்குச் செலுத்தியிருக்கக்கூடும் என்பதையும் அவர் மறுத்துவிடவில்லை.

அதே ஆண்டு சூலையில் வெளிவந்த பட்லர் பிரபுவின் அறிக்கை, தகவலின் குறைபாடுகளைக் காட்டும் எச்சரிக்கைகள் தொகுப்பில் இடம்பெறாமற்போயின என்றது. எந்த வகை ஆயுதத்தைக் குறித்தது என்று தெளிவுபடுத்தாமல் 45 நிமிடச் செய்தியைச் சேர்த்திருக்கக்கூடாது என்றது. 2016ஆம் ஆண்டின் சில்காட் அறிக்கையோ, தகவல்கள் நியாயப்படுத்தவியலாத உறுதியோடு முன்வைக்கப்பட்டன என்று முடித்தது.

6. மூன்றையும் ஒப்பிடுதல்

பெல்ஃபாஸ்டில் நெகிழ்ச்சி அமைதிக்கு உதவியது. ஈராக் தொகுப்பில் உறுதி போருக்கு உதவியது. மக்பர்சன் அறிக்கையில் உறுதி நீதிக்கு உதவியது. ஆகவே நெகிழ்ந்த மொழி நல்லது, இறுகிய மொழி தீது என்றோ, அதன் மறுதலையோ விதி வகுக்கவியலாது. வேறோர் அளவுகோல் தேவை. மூன்று வினாக்களை நாம் முன்வைக்கிறோம்.

முதலாவது, படிப்பவருக்கு அது தெரியுமா? பெல்ஃபாஸ்ட் தொடரின் இருபொருண்மையை இரு தரப்பாரும் அறிந்திருந்தனர். மக்பர்சனின் வரையறை அச்சில் இருந்தது. 2002ஆம் ஆண்டுத் தொகுப்பைப் படித்த குடிமகனுக்கோ, அங்கே ஒரு 'கூடும்' இருந்து நீக்கப்பட்டது என்பதை அறிய வழியில்லை.

இரண்டாவது, தவறு நேர்ந்தால் திருத்தலாமா? உடன்படிக்கையின் பொருள் குறித்துப் பூசல் எழுந்தபோது மீண்டும் மேசைக்கு வரலாம், வந்தனர். வரையறை பிழையென்றால் வேறு வரையறை தரலாம். போரைத் தொடங்கிய பின் ஒரு துணைவினையை மீண்டும் சேர்த்துப் பயனில்லை.

மூன்றாவது, விலையை யார் தருகிறார்? ஐயத்தை நீக்கி எழுதியவர்கள் வேறு. அந்த உறுதியை நம்பிக் களத்தில் இறந்தவர்கள் வேறு.

7. நம் வகுப்பறைக்கு

இவ்வளவும் நமக்கு எதற்கு என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. ஐயத்தையும் உறுதியையும் கேள்விச் செய்தியையும் பிரித்துக்காட்டத் தமிழில் வளமான கருவிகள் உண்டு. 'மழை பெய்யும்', 'மழை பெய்யலாம்', 'மழை பெய்யக்கூடும்', 'மழை பெய்ததாம்', 'மழை பெய்தது போலும்' ஆகிய ஐந்தும் வேறுவேறு அளவிலான பொறுப்பை ஏற்கின்றன. 'பெய்ததாம்' என்பதில் உள்ள 'ஆம்', 'இதனை நான் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்' என்னும் முழுச் செய்தியை ஓரசையில் தருகிறது. ஆங்கிலத்தில் இதற்கெனத் தனியுருபு இல்லை. நீண்ட தொடர் ஒன்றால் விளக்கவேண்டும். 45 நிமிடச் செய்தி தமிழில் எழுதப்பட்டிருந்தால் 'இயலுமாம்' என்று முடிவதே அதன் உண்மை நிலைக்குப் பொருந்தியிருக்கும்.

'லாம்' என்னும் ஈறு ஆங்கிலத்தின் 'மே' போலவே இசைவையும் இயலுமையையும் ஒருங்கே குறிக்கும். 'நீ போகலாம்' என்பது இசைவு. 'அவர் நாளை வரலாம்' என்பது இயலுமை. 'கூடும்' இயலுமையைக் குறிக்க, அதன் எதிர்மறையான 'கூடாது' இன்றைய வழக்கில் பெரும்பாலும் தடையைக் குறிக்கிறது. இவற்றை மாணவர்கள் பேச்சில் பிழையின்றிக் கையாள்கின்றனர், எழுத்தில்தான் தவறவிடுகின்றனர். ஐயத்தை இலக்கணத்துள் இடம்பெறத்தக்க பொருளாகக் கண்டது நம் மரபு. தொல்காப்பிய இடையியல் உம்மைக்குக் கூறும் எட்டுப் பொருள்களுள் ஐயமும் ஒன்று. ஏகாரத்துக்குக் கூறும் ஐந்தனுள் தேற்றமும் ஒன்று.

நம் நாட்டு மாணவர்கள் இருமொழிச் சூழலில் வளர்பவர்கள். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் பயிற்சியில் அடிக்கடி காணும் பிழை யாது? மூலத்தில் விலை உயரக்கூடும் என்றிருப்பது தமிழில் 'விலை உயரும்' என்றாகிவிடுகிறது. ஆசிரியர்களும் சொல்வளத்துக்கும் சந்திக்கும் மதிப்பெண் குறைப்பதுண்டு. விடுபட்ட 'கூடும்' கண்ணில் படாமலே போய்விடுவதுண்டு. அதனைச் சந்திப்பிழையினும் பெரும்பிழையாகக் கொள்ளவேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

எளிய பயிற்சி ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். நாளிதழிலிருந்து ஒரு செய்தியை மாணவர்களிடம் கொடுத்து, 'கூடும்', 'லாம்', 'ஆம்', 'எனக் கூறப்படுகிறது', 'என நம்பப்படுகிறது' போன்றவற்றை அடிக்கோடிடச் செய்க. பின்னர் அவற்றை நீக்கிவிட்டு உரக்கப் படிக்கச் செய்க. செய்தி எவ்வளவு வலுவாக ஒலிக்கிறது, அந்த வலு எங்கிருந்து வந்தது என்று கேட்க. 'எனக் கூறப்படுகிறது' என்ற இடத்தில், கூறியவர் யார் என்றும் கேட்கச் செய்க. மூன்றாம் படியாக, அதே செய்தியின் ஆங்கில வடிவத்தோடு ஒப்பிட்டு, எந்த மொழியில் எந்த ஐயம் விடுபட்டது என்று பட்டியலிடச் செய்க. இதற்கு ஒரு பாடவேளை போதும்.

தகவலின்மேல் நாம் கொண்டுள்ள உறுதியின் அளவை உள்ளவாறே சொல்வது மொழித்திறனின் ஒரு கூறு. குடிமக்கள் ஒருவருக்கொருவர் ஆற்றவேண்டிய கடமையும் ஆகும். 'இயலக்கூடும்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'இயலும்' என்று எழுதாத ஒரு தலைமுறையை உருவாக்கும் பொறுப்பு மொழியாசிரியர்களிடம் இருக்கிறது.